கடைசி நிறுத்தம் வரை ஒரு டிக்கெட்: நெல்லைப் பக்கத்துப் புதிய பஸ் பிரியர்களுக்கு

ரோட்டில் பஸ் போனால் நின்று பார்க்கிறவர்கள், எஞ்சின் சத்தத்தைக் கேட்டே லேலண்டா டாடாவா என்று சொல்லிவிடுகிறவர்கள், முன்சீட்டு கிடைக்கவில்லை என்பதற்காக ஒரு வண்டியை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கிறவர்கள் நெல்லைச் சீமையில் நிறைய இருக்கிறார்கள். பலருக்குத் தன்னைப் போல இன்னொருவர் இருப்பதே தெரியாது. இவர்கள் ஒன்றுசேர்ந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு தடத்தில் போய்வருவதுதான் பஸ் பிரியர் குழு. இதற்குப் புதிதாக வருகிறவர்கள் எங்கே தொடங்குவது, என்ன செய்வது, என்ன செய்யக்கூடாது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் குழுவில் முதலில் சொல்லிக்கொடுப்பது ஒன்றைத்தான். கேமராவை எடுப்பதற்கு முன் டிக்கெட்டை எடுங்கள், அதுவும் கடைசி நிறுத்தம் வரை எடுங்கள். பஸ் நிலையத்து வாசலில் நின்று படம் மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால் பஸ்ஸின் நிறமும் எண்ணும் தெரியும். அந்த வண்டி யாருக்காக ஓடுகிறது, எந்த வளைவில் திணறுகிறது, எந்த ஊரில் கூட்டம் ஏறி எந்த ஊரில் காலியாகிறது என்பதெல்லாம் உள்ளே உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். நாம் முதலில் பயணி. மற்றதெல்லாம் அப்புறம்தான்.

முதலில் தனியாக ஒரு டவுன் பஸ்

குழுவோடு வெளியூர் கிளம்புவதற்கு முன் தனியாக ஒரு டவுன் பஸ்ஸில் போய்வாருங்கள். பாளையங்கோட்டையில் ஏறி ஜங்ஷன் வழியாக டவுன், முடிந்தால் பேட்டை வரை. தினமும் வேலைக்குப் போகிற தடம்தானே என்று விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் ஒரு சாதாரண டவுன் பஸ் இவ்வளவு பார்க்க வைக்கும் தடங்கள் அதிகம் கிடையாது.

பாளையில் பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் நெருங்கிக் கிடக்கும் பகுதியைத் தாண்டி, வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் வந்ததும் தாமிரபரணி. அதைக் கடக்கும் பாலம் 1843-இல் திறக்கப்பட்டது. கலெக்டர் ஆபீஸில் வேலை பார்த்த சுலோசன முதலியார் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிய பாலம். இன்றும் அவர் பெயர்தான். அது தாண்டினால் ஜங்ஷன். அப்புறம் ரயில் தண்டவாளத்துக்கு மேலே ஈரடுக்கு மேம்பாலம். பஸ் மேல் அடுக்கில் ஏறும்போது டிரைவர் எந்த இடத்தில் கியரை இறக்குகிறார் என்று கவனியுங்கள். ஏற்றத்துக்கு முன்பே இறக்குகிறவரும் உண்டு, பாதி ஏறிவிட்டு வண்டி கேட்ட பிறகு இறக்குகிறவரும் உண்டு. இதைக் கவனிக்கத் தொடங்கிவிட்டால் நீங்கள் பாதி உறுப்பினர் ஆகிவிட்டீர்கள்.

கையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். போனில் குறிக்கலாம்தான், ஆனால் குலுங்குகிற பஸ்ஸில் பேனாதான் சுளுவு. தேதி, வண்டி எண், தட எண், எந்தக் கிளை வண்டி, கிளம்பிய நேரம், முக்கியமான நிறுத்தங்களில் நேரம், கடைசி நிறுத்தத்தில் நேரம். இவ்வளவு போதும். கூடவே ஒரு வரி, அன்றைக்குக் கண்ணில் பட்டது எதுவானாலும். மூட்டையை எங்கே வைத்தார்கள், எந்த நிறுத்தத்தில் பள்ளிப் பிள்ளைகள் மொத்தமாக ஏறினார்கள், பாட்டுப் போட்டார்களா. பத்து வருஷம் கழித்து நோட்டைப் புரட்டினால் அந்த ஒரு வரிதான் பேசும்.

சில்லறை கொண்டுபோங்கள். இப்போது கியூஆர் வைத்தும் பணம் வாங்குகிறார்கள் என்றாலும், கூட்டத்தில் நெட்வொர்க் கிடைக்காமல் கண்டக்டரை நிறுத்தி வைப்பது சரியில்லை.

பஸ்ஸைப் படிக்கத் தெரிய வேண்டும்

ஒரு பஸ் நம் முன்னால் வந்து நின்றால் அதன் மேலேயே பாதி விவரம் எழுதியிருக்கும். முதலில் நம்பர் பிளேட். டிஎன் 72 என்றால் திருநெல்வேலி. 76 தென்காசி, 79 சங்கரன்கோவில், 69 தூத்துக்குடி, 92 திருச்செந்தூர், 96 கோவில்பட்டி, 74 நாகர்கோவில், 75 மார்த்தாண்டம். அதற்கு அடுத்து வருகிற ‘என்’ எழுத்து அரசுப் போக்குவரத்துக் கழக வண்டி என்பதற்கான அடையாளம். எதிரே வருகிற வண்டியில் இந்த ஓர் எழுத்தைப் பார்த்தாலே அரசா தனியாரா என்று தெரிந்துவிடும். கேரளா வண்டியாக இருந்து கேஎல் 15 என்று ஆரம்பித்தால் அது கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்துப் பஸ்.

அடுத்தது கிளை. வெளியில் நாம் டிப்போ என்கிறோம். கழகத்துக்காரர்கள் கிளை என்பார்கள், மேலாளரும் ‘கிளை மேலாளர்’தான். தாமிரபரணி, பைபாஸ், கட்டபொம்மன் நகர், சேரன்மகாதேவி, பாபநாசம், வள்ளியூர், திசையன்விளை, தென்காசி, செங்கோட்டை, புளியங்குடி, சங்கரன்கோவில் என்று நம் பக்கத்துக் கிளைகளின் பெயர்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வண்டியின் மேல் சின்ன எழுத்தில் கிளைப் பெயர் இருக்கும். அதைத் தேடிப் பார்க்கப் பழகினால் ஒரே தடத்தில் ஓடும் இரண்டு வண்டிகள் ஏன் வேறு வேறு மாதிரி பராமரிக்கப்பட்டிருக்கின்றன என்று புரியும். காலையில் ஒரு சின்ன ஊரிலிருந்து முதல் பஸ் எப்படிக் கிளம்புகிறது என்பதும் கிளையைப் பார்த்தால் விளங்கும். முந்தின இரவு அங்கே போய் ‘நைட் ஹால்ட்’ போட்ட வண்டி அது. டிரைவரும் கண்டக்டரும் அந்த ஊரிலேயே படுத்து எழுந்து வண்டியை எடுக்கிறார்கள்.

உள்ளே ஏறினால் எஃப்சி தேதி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றிதழின் தேதி), எத்தனை பேர் உட்காரலாம் எத்தனை பேர் நிற்கலாம் என்ற கணக்கு, டிரைவருக்குப் பின்னால் ஒரு திருக்குறள். பழைய வண்டிகளில் குறளைக் கையால் எழுதியிருப்பார்கள். பெயின்டரின் கையெழுத்து வண்டிக்கு வண்டி மாறும். எங்கள் குழுவில் ஒரு அக்கா இதை மட்டுமே படமெடுத்துச் சேர்க்கிறார்.

சேசிஸ், அதாவது எஞ்சினும் சக்கரமும் உள்ள அடிச்சட்டம், யாருடையது, அதன்மேல் பாடி எங்கே கட்டியது என்பது அடுத்த பாடம். அரசு வண்டிகளில் நம் பக்கம் அசோக் லேலண்ட்தான் அதிகம், டாடாவும் உண்டு. முன்பக்கச் சின்னத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பது எளிது. சின்னத்தைப் பார்க்காமல் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பதற்கு ஆறு மாதமாவது ஆகும், அவசரப்பட வேண்டாம். தனியார் வண்டிகளில் நிறையப் பாடி கரூரில் கட்டியதாக இருக்கும். கட்டியவர் பெயர் பின்புறத்திலோ படிக்குப் பக்கத்திலோ தகடாகவோ ஸ்டிக்கராகவோ ஒட்டியிருக்கும், குனிந்து பாருங்கள்.

வரலாறு கொஞ்சம் தெரிந்திருந்தால் வயதானவர்கள் பேசுவது புரியும். நம் பக்கத்துக்கென்று கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் 1974-இல் வந்தது. 1997-இல் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் வைத்திருந்த தலைவர்கள் பெயர்களை எல்லாம் அரசு எடுத்துவிட்டது. அன்றிலிருந்து எல்லாம் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம். ஆனாலும் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் ‘கேடிசி பஸ்’ என்றுதான் சொல்வார்கள். பாளைப் பக்கத்தில் கே.டி.சி. நகர் என்று ஒரு பெரிய குடியிருப்பே அந்தப் பெயரோடு இருக்கிறது. சென்னைக்குப் போகிற விரைவு வண்டியைத் ‘திருவள்ளுவர்’ என்று சொன்னாலும் அதே கதைதான். அந்தக் கழகம்தான் இப்போது அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம். இன்னும் பின்னால் போனால், 1912-இல் மதுரையில் பஸ் சேவை தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார் பிறந்தது நம் திருக்குறுங்குடியில். ஊர் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பஸ் நிலையத்தில் எப்படி இருக்க வேண்டும்

வெளியூர் வண்டிகள் பெரும்பாலும் வேய்ந்தான்குளம் புதிய பஸ் நிலையத்திலிருந்துதான். மதுரை, நாகர்கோவில், திருச்செந்தூர், தென்காசி, பாபநாசம் எல்லாம் இங்கே. புதியவர்கள் ஒரு ஞாயிறு காலை இங்கே வந்து இரண்டு மணி நேரம் சும்மா உட்காருவது நல்லது. எந்த மேடையில் எது நிற்கிறது, எது நேரத்துக்கு எடுக்கிறது, கண்டக்டர் எந்த ஊர்ப் பெயரைச் சேர்த்துக் கூப்பிடுகிறார் என்று காதில் விழுந்துகொண்டே இருக்கும். ‘அம்பை, விகேபுரம், பாவநாசம்’ என்று அவர் சொல்கிற வரிசையே உங்களுக்கு ஒரு தட வரைபடம்.

இங்கே நாம் நடந்துகொள்வதில்தான் குழுவின் பெயர் இருக்கிறது. ரிவர்ஸ் எடுக்கிற வண்டிக்குப் பின்னால் நிற்காதீர்கள். மேடையிலிருந்து இறங்கி வண்டி ஓடும் பாதையில் நின்று படமெடுப்பவர்களைக் குழு அடுத்த பயணத்துக்குக் கூப்பிடாது. டைம் கீப்பரிடம் நேரம் கேட்கலாம், அவர் வேலையாக இல்லாதபோது. சாப்பிடுகிற டிரைவரிடம் கேள்வி கேட்கக்கூடாது. இருக்கிற பத்து நிமிஷத்தில் அவர் டீ குடிக்க வேண்டும், பாத்ரூம் போக வேண்டும், வீட்டுக்கு ஒரு போன் பேச வேண்டும்.

பேசினால் மரியாதையாகப் பேசுங்கள். நம் பக்கத்தில் ‘அண்ணாச்சி’ என்று ஆரம்பித்தால் பாதிக் கதவு திறந்துவிடும். கடைசி நிறுத்தத்துக்கு டிக்கெட் கேட்கும்போது ஒரு சந்தேகப் பார்வை வரும், அதற்குத் தயாராக இருங்கள்.

“எங்க தம்பி போறிய?”

“கடைசி ஸ்டாப்புக்கு ஒண்ணு குடுங்க அண்ணாச்சி.”

“அங்க யாரு வீட்டுக்கு?”

“யாரு வீட்டுக்கும் இல்ல அண்ணாச்சி. பஸ்ல போயிட்டு, இதே பஸ்ல திரும்பி வரணும். பஸ்னா பிடிக்கும்.”

இப்படி நேராகச் சொல்லிவிடுங்கள். சொந்தக்காரர் வீடு என்று பொய் சொன்னால் அந்த ஊர்க்காரர் ஒருவர் பின்சீட்டிலிருந்து ‘எந்த வீடு’ என்று கேட்பார். உண்மையைச் சொன்னால் பெரும்பாலான கண்டக்டர்களுக்கு முகம் மலர்ந்துவிடும். தான் தினமும் செய்கிற வேலையை ஒருவர் ஆசையாகப் பார்க்க வந்திருக்கிறார் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது. சிலர் முன்சீட்டைக் காட்டி உட்காரச் சொல்வார்கள். எந்த வருஷத்து வண்டி, எந்த ஏற்றத்தில் படுத்தும் என்று அவர்களே சொல்ல ஆரம்பிப்பார்கள்.

கிளைக்குள் போக வேண்டுமானால் அனுமதி வேண்டும். வாசலில் கெஞ்சி உள்ளே நுழையப் பார்க்காதீர்கள். கிளை மேலாளருக்குக் குழுவின் பெயரில் முறையாகக் கடிதம் எழுதி, எத்தனை பேர், எந்த நாள், என்ன பார்க்க என்று சொல்லிக் கேட்க வேண்டும். மறுத்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும்.

படம் எடுப்பது

நல்ல போன் இருந்தால் போதும், பெரிய கேமரா வாங்கிவிட்டுத்தான் வரவேண்டும் என்றில்லை. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பாருங்கள், அதில்தான் விஷயம். நெல்லையிலிருந்து தென்காசி மேற்கே இருக்கிறது. அதனால் காலையில் தென்காசியிலிருந்து நெல்லைக்கு வருகிற வண்டிகளின் முகத்தில் வெயில் விழும். மாலையில் நெல்லையிலிருந்து தென்காசிக்குப் போகிற வண்டிகளின் முகத்தில் விழும். ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் நிற்கிறவர்கள் இதை வைத்தே எந்த நேரத்தில் எந்தத் திசை வண்டியை எடுப்பது என்று முடிவு செய்துகொள்ளலாம். மேற்கே மலையும் படத்தில் வரவேண்டும் என்றால் காலைதான் சரி. மழைக்கு மறுநாள் காலை இன்னும் சரி, மலை பக்கத்தில் வந்து நிற்கும்.

எல்இடி பலகை வைத்த வண்டிகளில் ஊர்ப் பெயர் பாதி எழுத்தாக வந்துவிடுகிறது என்று புதியவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். பலகையில் விளக்குகள் மாறி மாறி எரிவதால், கேமரா மிக வேகமாகப் படம் பிடித்தால் அந்த நொடியில் எரிந்த வரிகள் மட்டும் விழும். போனில் ‘ப்ரோ’ முறைக்குப் போய் ஷட்டர் வேகத்தை நூறில் ஒரு பங்கு நொடி அல்லது அதற்கும் மெதுவாக வையுங்கள். வண்டி நின்றிருக்கும்போது எடுத்தால் கலங்காது. பெயின்டில் எழுதிய பழைய பலகைக்கு இந்தத் தொல்லை இல்லை.

பயணிகளின் முகம் தெரிகிற மாதிரி எடுக்காதீர்கள், முக்கியமாகப் பெண்களையும் பள்ளிப் பிள்ளைகளையும். ஜன்னலோரம் ஒருவர் தூங்கிக்கொண்டு வருவது நல்ல படம்தான், ஆனால் அது அவருடைய தூக்கம். அணைக்கட்டுகளில் படமெடுக்கத் தடை உண்டு, அங்கே போனை உள்ளே வைத்துவிடுங்கள். இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். டிரைவரிடம் ஏர் ஹாரன் அடிக்கச் சொல்லி வீடியோ எடுக்கிற பழக்கம் இளவட்டங்களிடம் பரவிக்கிடக்கிறது. பல ஒலி ஹாரன் சட்டப்படி தடை செய்யப்பட்டது. அபராதம் டிரைவர் தலையில் விழும், காது ரோட்டோரத்து ஆச்சிக்குப் போகும். அடுத்த பஸ்ஸை முந்தச் சொல்லித் தூண்டுவதும் அப்படித்தான். இந்த இரண்டையும் செய்கிறவர்களைக் குழுவில் வைத்துக்கொள்வதில்லை.

குழுவோடு முதல் பயணம்

எட்டுப் பேருக்கு மேல் ஒரு பஸ்ஸில் ஏறாதீர்கள். இருபது பேர் சேர்ந்து ஏறினால் நாம் பார்க்க வந்த சாதாரண பஸ் சாதாரண பஸ்ஸாக இருக்காது. ஊர்க்காரர்களுக்கு உட்கார இடமும் இருக்காது. ஆள் அதிகமானால் இரண்டாகப் பிரிந்து, ஒரு பகுதி அடுத்த வண்டியில் வரட்டும். வயதானவர் ஏறினால் எழுந்து இடம் கொடுக்க வேண்டும், முன்சீட்டாக இருந்தாலும். முன்சீட்டை நாங்கள் சுற்று வைத்து மாற்றிக்கொள்கிறோம். போகும்போது ஒருவர், வரும்போது இன்னொருவர், புதிதாக வந்தவருக்கு முதல் உரிமை.

திட்டம் போடும்போது திரும்பிவரும் பஸ்ஸை முதலில் கேளுங்கள். போகிற பஸ்ஸைப் பற்றி எல்லாரும் விசாரிப்பார்கள், வருகிற பஸ்ஸைக் கடைசி நிறுத்தத்தில் இறங்கிய பிறகுதான் யோசிப்பார்கள். சின்ன ஊர்களில் வந்த வண்டியே பத்து நிமிஷத்தில் திரும்பிவிடும். அடுத்தது சாயங்காலம்தான் என்றும் இருக்கும். கடைசி பஸ் எது, அது ஞாயிற்றுக்கிழமையும் வருமா என்று இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். ஒருவர் கண்டக்டர், இன்னொருவர் அந்த ஊர் டீக்கடைக்காரர். இரண்டு பேரும் ஒரே நேரத்தைச் சொன்னால் நம்பலாம்.

பெண்கள் குழுவுக்கு வரத் தயங்க வேண்டாம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் மகளிருக்கு இலவசம் என்பதால், உள்ளூர்த் தடங்களை ஒரு செலவும் இல்லாமல் முழுக்கச் சுற்றிவிடலாம். அந்த விலையில்லாப் பயணச்சீட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் ஏறினார்கள் என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது, சேகரிப்புக்கும் ஆகும்.

எந்தத் தடத்தில் போவது

புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது பாபநாசம். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் என்று தாமிரபரணியை ஒட்டியே போகும். வயலும் வாய்க்காலும் ஊர்த்தெருவும் மாறி மாறி வரும். ஒவ்வொரு ஊரிலும் பஸ் பெரிய சாலையை விட்டு உள்ளே நுழைந்து வெளியே வரும்போது, குறுகலான தெருவில் டிரைவர் வண்டியைத் திருப்புகிற விதத்தைப் பாருங்கள். சாலையோர வீட்டுத் திண்ணைக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருக்கும்.

திருச்செந்தூர்த் தடம் வேறு மாதிரி. செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வழியாக வாழைத் தோட்டங்களுக்கு நடுவே போய்க் கடலில் முடியும். நாகர்கோவில் போகும் நான்குவழிச் சாலை வேகம் பிடிக்கிறவர்களுக்கு. காவல்கிணறு தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி ஆடிக் காற்றடிக்கும்போது வண்டியே ஒரு பக்கமாக அசையும். காற்றாலைகள் அங்கே நிற்பதற்குக் காரணம் உட்கார்ந்த இடத்திலேயே புரியும்.

செங்கோட்டை வழியாகப் புனலூர் போகிற பயணத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். அந்தத் திருவிதாங்கூர் அரசு 1938-லேயே சொந்தமாகப் பஸ் ஓட்டத் தொடங்கிவிட்டது. லண்டன் போக்குவரத்தில் வேலை பார்த்த சால்ட்டர் என்பவரைக் கூட்டிவந்து அந்தத் துறையை நடத்தினார்கள். புளியரை தாண்டி மலையேறும் வளைவுகளில் நம் வண்டியும் கேரளா வண்டியும் எதிரெதிரே வந்து ஒன்றுக்கொன்று வழிவிடுவதைப் பார்க்கலாம். கேரளா வண்டிகளின் முன்னால் எழுத்தும் எண்ணும் சேர்ந்த தனி வண்டிக் குறியீடு எழுதியிருப்பார்கள். நோட்டில் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆரியங்காவு தாண்டினால் கழுதுருட்டியில் பதின்மூன்று கண் ரயில் பாலம் சாலையோரத்திலேயே தெரியும்.

சரி, மாஞ்சோலைக்கு வருவோம். புதியவர்கள் எல்லாரும் முதல் நாளே கேட்பது இதைத்தான், ஆனால் முதல் பயணமாக இது வேண்டாம். மணிமுத்தாறில் சோதனைச் சாவடி தாண்டியதும் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் ரோடு ஏறத் தொடங்கும். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று ஒன்றன்மேல் ஒன்றாக எஸ்டேட்டுகள். ரோடு மோசம், ஏற்றம் செங்குத்து. பெரும்பகுதி வண்டி இரண்டாவது கியரிலேயே ஊர்ந்து போகும். சில கொண்டை ஊசி வளைவுகளில் ஒரே திருப்பில் திரும்பாது. டிரைவர் நிறுத்தி, கண்டக்டர் இறங்கி விசில் கொடுக்க, பின்னால் கொஞ்சம் எடுத்து மறுபடி முன்னால் திருப்புவார். அந்த நேரத்தில் பஸ்ஸுக்குள் யாரும் பேசமாட்டார்கள். எஞ்சின் சூடாகி டீசல் வாசம் வரும், ஜன்னலுக்கு வெளியே குளிர் ஏறிக்கொண்டே போகும்.

இந்தப் பஸ்ஸைச் சுற்றுலாப் பஸ்ஸாக நினைத்துப் போகாதீர்கள். தலைமுறை தலைமுறையாகத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த குடும்பங்களுக்குக் கீழே வருவதற்கு இருந்த வழி இதுதான். ஆஸ்பத்திரி, ரேஷன், பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம், சாவு எல்லாம் இந்த வண்டியின் நேரத்தை வைத்துத்தான். 2024-இல் தோட்ட நிறுவனம் வேலையை முடித்துக்கொண்ட பிறகு நிறையப் பேர் கீழே இறங்கிவிட்டார்கள். மேலே இருப்பவர்களோடு பேசக் கிடைத்தால், நாம் பேசுவதைக் குறைத்து அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். வனத்துறை அனுமதி விதிகள் அவ்வப்போது மாறும். போகும் வாரத்தில் விசாரித்துவிட்டுத்தான் திட்டம் போட வேண்டும். பிளாஸ்டிக் எதுவும் கொண்டுபோகாதீர்கள். வழியில் இறங்கிப் படமெடுக்கக் கேட்காதீர்கள், அது காடு. குமட்டல் வருகிறவர்கள் காலையில் இட்லியோடு நிறுத்திக்கொண்டு முன்பக்கம் உட்காருங்கள்.

திருவிழாக் காலம்

குற்றால சீசன், சங்கரன்கோவில் ஆடித்தபசு, குலசேகரன்பட்டினம் தசரா, திருச்செந்தூர் சூரசம்ஹாரம். இந்த நாள்களில் வேறு கிளை வண்டிகள், வேறு மாவட்டத்து வண்டிகள் எல்லாம் சிறப்புப் பேருந்தாக நம் பக்கம் வரும். ஒரே இடத்தில் நின்று இத்தனை விதமான வண்டிகளைப் பார்க்க வேறு வாய்ப்பு இல்லை. ஆடி அமாவாசைக்குக் காரையார் சொரிமுத்தையனார் கோவிலுக்குப் பாபநாசத்திலிருந்து அரசுப் பஸ்கள் வரிசையாகக் காட்டுக்குள் ஏறும். ஆனால் அந்த நாள்களில் பார்ப்பது மட்டும். ஒவ்வொரு சீட்டும் கோவிலுக்குப் போகிற ஒருவருக்குத் தேவைப்படும்போது வேடிக்கைக்காக ஒரு சீட்டைப் பிடித்துக்கொண்டு போய்வருவது முறையில்லை. பஸ் நிலையத்து மேடையில் நின்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள், அது போதும்.

வீட்டுக்கு வந்ததும்

பயணம் முடிந்த அன்று இரவே நோட்டைச் சுத்தமாக எழுதிவிடுங்கள். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் கிளைப் பெயரும் நேரமும் கலந்துவிடும்.

டிக்கெட்டுகள் தனி விஷயம். முன்பெல்லாம் கண்டக்டர் விரலிடுக்கில் கட்டுக்கட்டாக வைத்துக் கிழித்துக் கொடுத்த கலர் கலரான மெல்லிய சீட்டுகள் இருந்தன. வீட்டில் பழைய புத்தகங்களுக்குள் தேடுங்கள், பக்க அடையாளமாகச் செருகி வைத்தது கிடைக்கும். அச்சடித்த மை என்பதால் பல வருஷம் ஆனாலும் படிக்க முடியும். இப்போது மெஷினில் வருகிற சீட்டில் வண்டி எண், நேரம், ஏறிய இடம், இறங்கும் இடம் என்று விவரம் நிறைய இருக்கிறது. ஆனால் அது சூட்டில் எழுத்து விழுகிற தாள், சில மாதங்களில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே ஸ்கேன் செய்யுங்கள் அல்லது ஜெராக்ஸ் எடுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் கடையில் கொடுத்தால் சூடு பட்டு மொத்தமும் கறுத்துவிடும். வெயில் படாமல், காகித உறைக்குள் வைப்பதே சரி.

பழைய வண்டிகளின் படங்களுக்கு இப்போது அவசரம் இருக்கிறது. 15 வருஷம் கடந்த அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது என்ற மத்திய அரசு விதி 2023 ஏப்ரலில் வந்துவிட்டது. புகையும் பிரேக்கும் பார்த்தால் அது நியாயம்தான், பயணிக்குப் புது வண்டிதான் நல்லது. ஆனால் நீங்கள் பள்ளிக்கூடம் போன பஸ், கையால் எழுதிய பலகை, நீளமாக வளைந்த கியர் ராடு இதெல்லாம் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் ஊருக்கு வருகிற வண்டியிலிருந்தே தொடங்குங்கள். தாத்தா ஆச்சியிடம் அவர்கள் முதலில் ஏறிய பஸ் எது, எங்கே நின்றது, கட்டணம் எவ்வளவு, டிரைவர் பெயர் என்ன என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். ஒரு தடத்தின் கதையை அந்த ஊர்க்காரர் எழுதினால்தான் முழுசாக வரும்.

படத்துக்குப் பெயர் வைக்கும்போது தேதி, வண்டி எண், கிளை, எடுத்த இடம் என்ற வரிசையில் வையுங்கள். குழுவின் சேகரிப்பில் எல்லாமே இந்த வரிசையில்தான் இருக்கிறது. இடமும் தேதியும் இல்லாத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சேர்ப்பதில்லை. அடுத்த ஞாயிறு சந்திக்கும்போது நோட்டையும் கொண்டுவாருங்கள். உங்கள் நேரக் கணக்கை எங்களுடையதோடு வைத்துப் பார்ப்போம்.